சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியலை

வாசகர் கேள்வி - பதில்

காது, செவித்திறன் பற்றிய சந்தேகங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காது கேட்காதவர்கள் எழுதியவை அல்ல. மகளோ மருமகளோ பேரனோ எழுதியவை. பல் வலித்தால் வலிக்கிறவர்தான் முதலில் வாய் திறப்பார். காது மந்தமானால் கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். கோவைப் பக்கம் விசைத்தறி ஓட்டியவரின் மகளும்கூட. பரிசோதனை அறையிலும் வீட்டிலும் இதைப் பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு 68 வயது. டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கணவர் பேசினால் புரிகிறது, நானோ, என் ஐந்து வயது மகளோ பேசினால் "ஆ? ஆ?" என்கிறார். ஆனால் அவரைப் பற்றி நாங்கள் பேசினால் மட்டும் "என்னைப் பத்தி என்ன?" என்று கேட்கிறார். சத்தமாகப் பேசினால் "ஏன் கத்தறே?" என்று கோபம். வேண்டுமென்றே செய்கிறாரா?
*- வாசகி, பல்லடம்*

இல்லை கண்ணு, வேண்டுமென்றே செய்யவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் வயதால் வரும் காது மந்தத்தின் அடையாளம். ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்காமலே பாதி சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

உள்காதில் காக்ளியா என்று ஒரு சுருள் குழல் இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய முடிச்செல்கள். வந்து சேரும் அதிர்வை நரம்புக்குச் சொல்வது அவைதான். கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிப்பவை குழலின் வாசல் பக்கம் இருக்கின்றன. கனத்த, தாழ்ந்த ஒலிகளைப் பிடிப்பவை உள்ளே நுனியில். வயதாக ஆக முதலில் அடிபடுவது வாசல் பக்கம். செத்த செல் திரும்ப முளைப்பதில்லை.

இப்போது பேச்சைப் பாருங்கள். ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் கனமானவை. சத்தத்தைச் சுமந்து வருவது அவைதான். ச, த, ப, க போன்றவை மெல்லியவை. உயர்ந்த அதிர்வில்தான் அவற்றின் அடையாளமே இருக்கிறது. உங்கள் மாமியாருக்கு முன்னது வந்து சேர்கிறது, பின்னது உதிர்ந்துவிடுகிறது. "சாப்பிட்டாச்சா?" என்று நீங்கள் கேட்டால் அவருக்கு "ஆ... இ... ஆ... ஆ?" என்றுதான் கேட்கும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பது தெரியவில்லை. "சத்தம் கேக்குதுங்க, பேச்சுதான் புரியலை" என்று என் முன்னால் உட்கார்ந்து சொல்லாத பெரியவர்கள் குறைவு. கணவரின் குரல் கனத்தது, அதனால் பிழைத்தது. உங்கள் குரலும் குழந்தையின் குரலும் உயர்ந்தவை.

அவரைப் பற்றிப் பேசினால் மட்டும் எப்படிக் கேட்கிறது? தன் பெயரும் "அம்மா" என்ற சொல்லும் காலமெல்லாம் கேட்டுப் பழகியவை. அரைகுறையாக விழுந்தாலும் மூளை பிடித்துக்கொள்ளும். மீதியை அவர் ஊகிக்கிறார், அதுவும் உங்கள் முகத்தைப் பார்த்து. அப்படி ஊகிக்கும்போது நல்லதாக ஊகிப்பது யாருக்குமே கஷ்டம். வீட்டில் சண்டை வருவது இங்கேதான்.

"ஏன் கத்தறே?" என்பதும் பொய்க் கோபம் இல்லை. உள்காது பழுதானவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் அளவு மேலே ஏறிவிடும், ஆனால் காது கூசும் அளவு பழைய இடத்திலேயே நிற்கும். நடுவில் இருக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. மெதுவாகச் சொன்னால் விழாது, கொஞ்சம் தூக்கிச் சொன்னால் அடிக்கும். அப்புறம் கத்தும்போது உயரும் பங்கு பெரும்பாலும் உயிரொலிகளுக்குத்தான் போகிறது. உதிர்ந்த எழுத்துகள் அதனால் திரும்பி வருவதில்லை. கூடவே நம் முகமும் கோணுகிறது, கோபமாக இருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

என் அப்பாவுக்கும் இதுதான். பகலில் ஓரளவு நன்றாகவே பேசுவார். சாயங்காலம் கரண்ட் போனால் அவருக்குக் காதும் போய்விடும். இருட்டில் எங்கள் உதடு தெரியாது, அவ்வளவுதான் காரணம். தறி ஓட்டுகிறவர்கள் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்கிறவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவர் வீட்டிலும் சமாளித்துக்கொண்டிருந்தார் என்பது மெழுகுவத்தி ஏற்றியதும் பேச்சு தொடர்ந்தபோது எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: சமையலறையிலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய், "அத்தை" என்று கூப்பிட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். மிக்ஸி, குழாய், டிவி மூன்றில் எது ஓடினாலும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சாதாரணச் சத்தத்தில், கொஞ்சம் நிதானமாக. ஒரு தரம் புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் சொற்களை மாற்றிச் சொல்லுங்கள். "நாளைக்கு பஸ் எத்தனை மணிக்கு?" விழவில்லை என்றால், "ஊருக்குப் போறமே, காலைல எப்பக் கிளம்பணும்?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். காது மந்தமானவர்களை அதிகம் காயப்படுத்தும் சொல் அதுதான் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

இதோடு, முறையான பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சத்தம் புகாத சிறிய அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள். மெல்லிய ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும் அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த ஒலி (250 ஹெர்ட்ஸ்) முதல் உயர்ந்த ஒலி (8,000 ஹெர்ட்ஸ்) வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. முடிவில் வரும் ஆடியோகிராமைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

எனக்கு 52 வயது. சின்ன வயதிலிருந்து தறிக்குடோனில் வேலை. இரண்டு காதிலும் ராத்திரி ஆனால் "ங்ஙொய்" என்று இரைச்சல், தூக்கமே வருவதில்லை. இதற்கு மாத்திரை உண்டா? பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன்.
*- வாசகர், சோமனூர்*

முதலில் பஞ்சை எடுத்துவிடுங்கள். பஞ்சு சத்தத்தை அநேகமாகத் தடுப்பதே இல்லை. பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டும்தான் கொடுக்கும்.

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்பது உலகில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபெல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை விடுகின்றன. நாடா ஓடும் சாதாத் தறிகள் வரிசையாக நிற்கும் குடோனில் 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம், அங்கே ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இப்படிக் கெட்ட காதின் ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து, 8,000-த்தில் கோடு கொஞ்சம் மேலே ஏறும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டுவிடுவோம்.

இரைச்சலுக்கு வருகிறேன். வெளியே இல்லாத ஒலி அது. உள்காதிலிருந்து வர வேண்டிய செய்தி வராத இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது என்பதுதான் இன்றைக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். இதைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. விளம்பரம் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், அண்ணா. ஆனால் தணிக்க வழி இருக்கிறது. முழு அமைதியில் படுக்காதீர்கள். பேன் ஓடட்டும், அல்லது ரேடியோவை மிகச் சன்னமாக வையுங்கள். இரைச்சலை அமுக்கும் அளவு சத்தம் வேண்டாம், அது தனியாக நிற்காமல் இருந்தால் போதும். காது மந்தமும் இருந்தால், காது மிஷின் போட்டதும் பலருக்கு இரைச்சலும் குறைகிறது. ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே காதில் மட்டும் இரைச்சல் வந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து "திக் திக்" என்று வந்தாலோ உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

மெடிக்கலில் நுரையாலான காதடைப்பான் கிடைக்கும், விலை அதிகமில்லை. போடும் முறைதான் முக்கியம். விரல்களால் உருட்டி மெல்லிய திரி மாதிரி ஆக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துவாரம் அப்போதுதான் நேராகும். அடைப்பானை உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. இரைச்சலால் வரும் காது மந்தம் தொழில்நோய். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்த நோய் அது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது. உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த மருந்தகத்தில், என்ன வேலை, எத்தனை வருடம் என்பதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிடித்தம் இல்லாத சிறு குடோன்களில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் உண்டு. துணி உலகத்துக்கே போகிறது, அதை நெய்தவர் பேத்தியின் பேச்சு புரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டது. போன் வைத்தால் அந்தக் காதில் ஒன்றுமே கேட்கவில்லை. சளி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஐந்து நாளாகிறது.
*- வாசகர், 44 வயது, திருநெல்வேலி*

இந்தக் கடிதம் வந்த அன்றே ஆசிரியர் குழுவிலிருந்து இவருக்குப் போன் செய்து மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஓரிரு நாளுக்குள் ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது அவசர நோய். வலி இல்லை என்பதால்தான் பலரும் காத்திருந்து கெடுத்துக்கொள்கிறார்கள். உள்காது நரம்புப் பக்கம் பழுது என்றால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் மீட்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மருந்து சர்க்கரையை ஏற்றும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் அதிகமாகக் கேட்டால் அழுக்கோ சளி அடைப்போ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் அதிகமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகப்பட வேண்டும், அன்றைக்கே கிளம்ப வேண்டும். எதுவானாலும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். மெடிக்கல் கடைக்காரர் காதுக்குள் பார்க்க மாட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 71. மகன் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். போட்டால் தட்டு வைக்கும் சத்தம் இடி மாதிரி. என் குரல் குடத்துக்குள் பேசுவது போல இருக்கிறது. அடிக்கடி விசில் வேறு. இப்போது அலமாரியில் கிடக்கிறது. மகனிடம் சொல்லவும் மனசில்லை.
*- வாசகர், கும்பகோணம்*

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள், மூன்றையும் சரிசெய்யலாம்.

தட்டுச் சத்தம்: அந்தக் கீச்சொலிகள் பல வருடமாக உங்கள் மூளைக்குப் போகவே இல்லை. இப்போது ஒரே நாளில் எல்லாம் திரும்பி வந்தால் அதற்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாது. பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். கண்ணாடி போட்ட அன்றே எழுத்து தெரிவது போல இது நடக்காது என்று விற்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. முதல் வாரம் வீட்டில், அமைதியான நேரத்தில், ஒருவரோடு மட்டும் பேசும்போது போடுங்கள். தினமும் நேரத்தைக் கூட்டுங்கள். செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக் கேளுங்கள். ஆசிரியர் என்பதால் இது உங்களுக்குச் சுலபமாக வரும். கடைத்தெரு அப்புறம். கல்யாண மண்டபம் கடைசியில். கெட்டிமேளத்துக்கு நடுவே நல்ல காதுக்காரர்களே திணறுகிறார்கள்.

குடத்துக்குள் பேசுவது போன்ற உணர்வு: காதுத் துவாரத்தை முழுதாக அடைத்தால் சொந்தக் குரல் உள்ளேயே முட்டும். காதுக்குள் வைக்கும் அச்சில் காற்றுப்போக ஒரு சிறு துளை வைத்தாலோ, திறந்த வகை முனையை மாற்றினாலோ குறையும். உங்கள் காதுக்கு அது பொருந்துமா என்று ஆடியோகிராம் பார்த்துச் சொல்வார்கள்.

விசில்: காதில் சரியாக உட்காராத அச்சு, அல்லது உள்ளே குறும்பி. முதலில் காதைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

வாங்கின இடத்துக்கு மிஷினோடு திரும்பப் போவது உங்கள் உரிமை. ட்யூனிங் ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை. "கஷ்டமா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது. எங்கே, யார் பேசும்போது, என்ன தொந்தரவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். "பேரன் பேசினா புரியலை, பஸ் ஹாரன் வலிக்குது" என்று சொன்னால் எந்த ஒலிப் பட்டையை ஏற்றுவது, எதை இறக்குவது என்று அவர்களுக்குத் தெரியும்.

பாட்டரி வகை மிஷின் என்றால், அதன் மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போடாதீர்கள். அது காற்றைக் குடித்து வேலை செய்யும் துத்தநாக பாட்டரி. ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் ஒழுங்காக ஓடும். இரவில் கழற்றி, பாட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் வியர்வையும் ஈரமும்தான் மிஷினுக்கு முதல் எதிரி. சத்தம் திடீரென்று நின்றால் உடனே பழுது என்று முடிவு கட்டாதீர்கள். முனையில் இருக்கும் வெள்ளை வடிகட்டியைப் பாருங்கள், கடுகளவுதான் இருக்கும். குறும்பி அடைத்தால் உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வெளியே வராது. பெட்டியோடு வந்த குச்சியின் ஒரு நுனியால் பழையதை இழுத்து, மறு நுனியால் புதியதை அழுத்தினால் முடிந்தது.

மகனிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. அடுத்த ட்யூனிங்குக்கு அவரும் கூட வரட்டும்.

29 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு காதும் மந்தமாகிக்கொண்டே வருகிறது. வினோதமாக, பஸ்ஸில் போகும்போது நன்றாகக் கேட்கிறது. அம்மாவுக்கும் இளவயதிலேயே காது மந்தம். "இந்த வயசுலயேவா" என்று எல்லோரும் கேட்பதால் வெளியே சொல்வதில்லை.
*- வாசகி, நாகர்கோவில்*

சொல்லுங்கள் அம்மா, ஏனென்றால் உங்களுக்கு வந்திருப்பது சரிசெய்யக்கூடிய வகையாக இருக்கலாம். நடுக்காதில் அங்கவடி எலும்பு என்று ஒன்று உண்டு. உடம்பிலேயே மிகச் சிறியது, மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். அது அசைந்தால்தான் ஒலி உள்காதுக்குப் போகும். சிலருக்கு அதன் அடிப்பகுதியைச் சுற்றி எலும்பு வளர்ந்து இறுக்கிவிடுகிறது. ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். இளவயதுப் பெண்களில் அதிகம், குடும்பத்தில் தொடரும், கர்ப்பகாலத்தை ஒட்டி வெளிப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறோம். பஸ்ஸில் நன்றாகக் கேட்பதும் இதன் பழைய அடையாளம்தான். எஞ்சின் சத்தத்தில் மற்றவர்கள் குரலை உயர்த்துகிறார்கள். உங்கள் உள்காது நன்றாக இருப்பதால் உயர்ந்த குரல் தெளிவாக வந்து சேர்கிறது.

ஆடியோகிராமில் காற்று வழி (ஹெட்போனில் கேட்பது), எலும்பு வழி (காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்துக் கேட்பது) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார்: இறுகிய எலும்புக்குப் பதில் மிகச் சிறிய ஒரு பிஸ்டன் வைப்பார்கள். 1956-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஷியா தொடங்கி வைத்த வழி இது. பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகிறது. சிறிய அளவில் ஆபத்தும் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அறுவை வேண்டாம் என்றால் மிஷினும் இந்த வகைக்கு மிக நன்றாக எடுபடும்.

நாலு வயது மகனுக்குச் சளி பிடித்தால் காதில் சீழ் வருகிறது. என் அம்மா பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்கிறார்.
*- வாசகி, விழுப்புரம்*

விடாதீர்கள். சீழ் வருகிறது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். விடுகிற எண்ணெய் அந்த வழியாக நடுக்காதுக்குள் போகும். குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழல் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் சளி சுலபமாக ஏறிவிடுகிறது. மருத்துவர் காதைத் துடைத்துச் சொட்டு மருந்து தருவார், அவர் சொன்ன அத்தனை நாளும் போட வேண்டும். தலைக்குக் குளிப்பாட்டும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாசலில் மட்டும் வையுங்கள். ஓட்டை மூடாவிட்டால் பின்னால் அறுவை செய்து மூடலாம். வரும் சீழ் கொஞ்சமாக, விடாமல், நாற்றத்தோடு இருந்தால் எலும்பை அரிக்கும் வகையாக இருக்கக்கூடும்; அது மூளைவரை போகும் ஆபத்து உள்ளது, தள்ளிப்போடவே கூடாது. இந்த வயது பேச்சும் படிப்பும் தொடங்கும் வயது. சீழ் நின்ற பிறகு ஒரு செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

காதைத் தினமும் பட்ஸ் விட்டுச் சுத்தம் செய்யலாமா?
*- வாசகர், ஓசூர்*

வேண்டாம். குறும்பி தானாகவே வெளியே நகர்ந்து வரும். பட்ஸ் அதில் கொஞ்சத்தை எடுத்து மீதியை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்தும். ஊக்கு, ஹேர்பின், பைக் சாவி எதுவும் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் காதில் ஒரு சின்னக் கீறல்கூட எலும்புவரை போகும் தொற்றாக மாறலாம்.

அண்ணனுக்கு இரண்டு காதும் மிகவும் மந்தம். மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?
*- வாசகி, அரியலூர்*

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபெல் இழப்பு என்றால் செவித்திறன் குறைந்தவர், 70 என்றால் காது கேளாதவர். சலுகைகள் பலவற்றுக்குச் சான்றிதழில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி இருந்தால் இலவச மிஷினுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

எனக்கு 76 ஆச்சுங்க. காது சுத்தமா மந்தம். பேசறது புரியாததால விசேஷத்துக்கெல்லாம் போறதை நிறுத்திட்டேன். டாக்டர் மிஷின் போடச் சொல்றாரு. இன்னும் எத்தனை காலம் இருக்கப் போறேன், எனக்கு எதுக்குங்க அந்தச் செலவு?
*- வாசகர், தாராபுரம்*

இந்த முறை வந்ததில் காது கேட்காதவர் தானே எழுதிய கடிதங்கள் கொஞ்சம்தான். அதில் உங்களுடையது என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அப்பா. "விசேஷத்துக்குப் போறதை நிறுத்திட்டேன்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். காதுக்கு வந்த கேடு அதோடு நிற்கவில்லை என்று அந்த வரி சொல்கிறது. புரியாத பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பது அலுப்பு. தப்பாகப் பதில் சொல்லி யாராவது சிரித்தால் அவமானம். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒதுங்கினவர்களுக்கு மனச்சோர்வு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறதி நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017, 2020, 2024 என மூன்று அறிக்கைகளிலும், நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது. அமெரிக்காவில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே மறதி வரும் ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களுக்கு மிஷினும் பயிற்சியும் கொடுத்தபோது, மூன்று வருடத்தில் சிந்தனைத்திறன் குறையும் வேகம் கிட்டத்தட்டப் பாதியானது. மற்ற முதியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் மிஷின் போட்டால் மறதியே வராது என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர்களோடு பேச்சு திரும்பும், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். 76 வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

செலவைப் பற்றி: டிஜிட்டல் மிஷின்கள் பத்து, பதினைந்தாயிரத்திலிருந்து லட்சங்கள்வரை இருக்கின்றன. வீட்டில் நாலு பேரோடு பேசவும் போன் பேசவும் லட்ச ரூபாய் மிஷின் தேவையில்லை. உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப ட்யூன் செய்த சாதாரண மிஷின் போதும். ஆனால் சந்தையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்கு விற்கும், சத்தத்தை வெறுமனே பெருக்கும் கருவிகளை வாங்காதீர்கள். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றிவிடும், காதுக்கும் கெடுதல். வாங்கும் முன் கடையிலேயே போட்டுப் பார்த்து, உங்கள் வீட்டு ஆளைப் பேச வைத்துக் கேளுங்கள். விற்பவர் குரல் எப்போதும் புரியும், அவர் அப்படிப் பேசப் பழகியவர்.

முதலில் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். குறும்பி அடைப்பா என்று பார்த்துவிட்டுத்தான் ஆடியோகிராமுக்கு அனுப்புவார்கள். சிலருக்கு அடைப்பு எடுத்ததிலேயே பாதி மந்தம் போய்விடும். இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த வகை ஊசிகள் காதைப் பாதிக்கும். துணைக்கு வீட்டில் அதிகம் பேசுகிற ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்வது பாதி உங்களுக்கு, மீதி அவருக்கு.